பிரிசன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இந்தியா 2022 – பரோல்ல ஆள் வந்துபோற வீட்டுல இருந்து ஒரு ரிவ்யூ

என்சிஆர்பி, அதாவது மத்திய அரசோட தேசிய குற்ற ஆவணக் காப்பகம், வருஷா வருஷம் போடுற ஜெயில் கணக்குப் புக்கு இது, அவங்க சைட்லயே பிடிஎஃப்பா ஃப்ரீயா கிடைக்கும். எங்க அண்ணன் ஆயுள் தண்டனையில இருக்காரு, அதனால புது எடிஷன் வந்தா நான் உடனே எடுத்துப் பாத்துடுவேன்.

நல்லதச் சொல்லிடுறேன். 2022 டிசம்பர் 31 கணக்குப்படி நாடு முழுக்க 1,330 ஜெயில், இடம் 4,36,266 பேருக்குத்தான், உள்ள இருந்தது 5,73,220 பேரு, அதுல 4,34,302 பேரு இன்னும் கேஸ் முடியாத விசாரணைக் கைதிங்க. நாலுல மூணு பேரு! மனு எழுதுறவங்களுக்கு இந்த நம்பரெல்லாம் பெரிய பலம். ஆனா தமிழ்ல இல்ல, கைதியோட அம்மா எடுத்துப் படிக்குற மாதிரி இல்ல.

எனக்கு மனசு ஆறாத இடம் பரோல் டேபிள். எத்தன பேரு போனாங்க, எத்தன பேரு திரும்பி வரல, அவ்வளவுதான். ஜெயில்காரங்க கொடுக்குற கணக்கு அது, அவங்களுக்கு கேட்டுல போறதும் வர்றதும்தான் தெரியும், நடுவுல இருக்குற நாளெல்லாம் எங்க வீட்டுல நடக்குது.

நம்மூர்ல பரோல்னு சொல்றோமே தவிர தமிழ்நாட்டோட 1982 தண்டனை நிறுத்தி வைப்பு விதிப்படி அது லீவு, சாதாரண விடுப்பு, அவசர விடுப்புன்னு ரெண்டு வகை. அதுக்கு நன்னடத்தை அலுவலர் வந்து அக்கம்பக்கத்துல விசாரிப்பாரு, அதோட மறந்து போயிருந்த தெருவுக்கெல்லாம் மறுபடி ஞாபகம் வந்துரும். அண்ணன் அவசர விடுப்புல வந்தப்போ எஸ்கார்ட் போலீஸ் திண்ணையில உக்காந்திருந்தாங்க, அம்மா அவங்களுக்கும் சேத்து டீ போட்டாங்க, அண்ணன் பொண்ணு கதவுக்குப் பின்னாடியே நின்னுச்சு, கிட்ட வரவே இல்ல. கிளம்புற நாள் காலையில யாருக்கும் சாப்பாடு இறங்கல. இதுக்கெல்லாம் எந்த டேபிள்ல கட்டம் இருக்கு?

கொரோனா டைம்ல, 2020 மார்ச் 23ல சுப்ரீம் கோர்ட் போட்ட ஆர்டருக்கப்புறம், நிறைய பேர பரோல்லயும் இடைக்கால ஜாமீன்லயும் விட்டாங்க, 2023 மார்ச் 24ல 15 நாளுக்குள்ள சரண்டர் ஆகணும்னு ஆர்டர் வந்துச்சு. கிட்டத்தட்ட மூணு வருஷம் வெளிய இருந்தவங்க உண்டு. வேலைக்குச் சேந்துருப்பாங்க, புள்ளைங்க அப்பா வீட்டுல இருக்குறதுக்குப் பழகியிருக்கும், அவங்களையெல்லாம் உக்கார வச்சுக் கேட்டிருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்.

கேக்கவும் முறை இருக்குங்க. எங்க பக்கம் கைதிங்க வீட்டாளுங்ககிட்ட பேச ஒரு சின்னக் குழு வந்தாங்க, அதுல ஒருத்தர் தானே தண்டனை முடிச்சு வந்தவரு. அண்ணன் லீவுல இருக்குறப்போ அவங்க வரல, போலீஸ் முன்னாடி வச்சு எதுவும் கேக்கல. அண்ணன் திரும்பி உள்ள போனப்புறம் எங்ககிட்ட மட்டும் பேசினாங்க. என்ன குத்தம்னு ஒருத்தரும் கேக்கல. என்னென்ன கேள்வி கேக்கலாம்னு முதல்ல எங்களையே கேட்டாங்க, "எங்க படுத்தாரு, யாரு வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாங்க, யாரு கூப்பிடல"ன்னு கேளுங்கன்னு அம்மாதான் சொன்னாங்க. ரெக்கார்டிங் வேணாம்னதும் போன ஆஃப் பண்ணி உள்ள வச்சுட்டாங்க. எழுதினத தமிழ்ல வாசிச்சுக் காட்டினாங்க, அண்ணி வேணாம்னு சொன்ன ரெண்டு வரிய எங்க கண்ணு முன்னாடியே அடிச்சாங்க. பேரு எழுதல, ஊரும் எழுதல, ஏன்னா ஒரு ஊர்ல ஆயுள் கைதி ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, வயசும் ஊரும் போட்டாலே ஆள் யாருன்னு தெரிஞ்சு போயிரும். இத அவங்க சொல்ற வரைக்கும் எனக்கே தோணல. மூணு மாசம் கழிச்சு திரும்ப வந்து எல்லா வீட்டுலயும் என்ன சொன்னாங்கன்னு சேத்துச் சொன்னாங்க, நம்ம வீடு மட்டும் இல்லன்னு அம்மா அன்னைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியா தூங்கினாங்க.

ஜெயிலுக்குள்ள என்ன நிலைமைன்னு தெரிஞ்சுக்க இந்தப் புக்குக்கு 4 ஸ்டார் தாராளமா கொடுப்பேன். பரோல் பகுதிக்கு மட்டும் 1 ஸ்டார். அடுத்த எடிஷன்ல அந்த டேபிளுக்குப் பக்கத்துல வீட்டாளுங்ககிட்ட கேட்டு ஒரே ஒரு பக்கம் சேருங்க, கேக்கப் போறவங்கள்ல உள்ள இருந்து வந்த ஒருத்தராவது இருக்கட்டும்.