லூட்: மூன்று சீசன், முப்பது எபிசோட், குறையாத 8,700 கோடி டாலர்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள். "லூட் பார்க்கலாமாடி? மாசம் 99 ரூபா, அதுக்காக மட்டும் ஆப்பிள் டிவி எடுக்கலாமா?" கேட்டவள் வேறு யாராகவாவது இருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். இவளுக்குக் குடும்ப நல நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விவாகரத்தான பணக்காரப் பெண்ணைப் பற்றிய சிரிப்புத் தொடரை அவள் கையில் கொடுத்து "ஜாலியா இருக்கும், பாரு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் யோசித்து எழுதுகிறேன்.

2022 ஜூனில் முதல் எபிசோட் வந்ததிலிருந்து இந்தத் தொடரோடு இருக்கிறேன். முதல் சீசனை இரண்டு தடவை பார்த்தாயிற்று. 2024 ஏப்ரலில் வந்த இரண்டாவதை அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது 2025 அக்டோபரில் தொடங்கியது, வாரம் ஒன்றாக. மொத்தம் முப்பது எபிசோட். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவு பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஒன்று, தூக்கம் வரவில்லை என்றால் இன்னொன்று. இத்தனை நாள் ஒரு தொடரோடு பழகினால் அது கிட்டத்தட்ட வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. அதன் குறையும் வீட்டு ஆளின் குறை போலத்தான் உறுத்துகிறது.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். லாஸ் ஏஞ்சலஸில் மாலி வெல்ஸ் என்று ஒருத்தி. கணவன் ஜான் தொழில்நுட்பத் துறையில் பெரும் கோடீஸ்வரன். இருபது வருடம் அவனோடு வாழ்ந்தவளுக்கு, அவன் தன்னிடம் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணோடு தொடர்பு வைத்திருப்பது தெரியவருகிறது. பிரிகிறாள். கையில் வரும் பங்கு 87 பில்லியன் டாலர், அதாவது 8,700 கோடி டாலர். அப்புறம்தான் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை இருப்பதும், அதில் ஆட்கள் வேலை பார்ப்பதும் அவளுக்கே தெரிகிறது. அதை நடத்தும் சோஃபியா அவளைக் கூப்பிட்டு, நீ கூத்தடித்துத் தினமும் செய்தியில் வந்தால் இங்கே எங்கள் வேலை கெடுகிறது என்கிறாள். மாலி வெட்கப்பட்டு ஒதுங்குவதற்குப் பதிலாக மறுநாளிலிருந்து அலுவலகத்துக்கே வர ஆரம்பித்துவிடுகிறாள்.

எனக்கு முதலில் பிடித்தது மாலியாக நடிக்கும் மாயா ருடால்ஃபின் முகம். கமலா ஹாரிஸாக அவர் நடித்த சின்னச் சின்னக் காட்சிகள் மூலம்தான் அவரை எனக்குத் தெரியும். அதில் இருந்தது சிரிக்க வைக்கும் நடிப்பு. இங்கே அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. மாலி ஏதோ ஒரு பெருமையைச் சொல்லி முடிக்கும்போது அவர் கண் ஒரு விநாடி எதிரே இருப்பவரைப் பார்க்கும்: தப்பாகச் சொல்லிவிட்டேனா? இருபது வருடம் ஒருவன் சொன்னதற்கெல்லாம் சிரித்துப் பழகியவளின் பார்வை அது. வசனத்தில் எங்கேயும் அது இல்லை, அந்தப் பார்வையில் மட்டும் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான 2024 எம்மி விருதில் நகைச்சுவைத் தொடர் நாயகிக்கான பரிந்துரைப் பட்டியலில் இந்த வேடத்துக்காக அவர் பெயர் இருந்தது. சரியான பரிந்துரை.

அடுத்தது சோஃபியா. மைக்கேலா ஜே ராட்ரிகஸ் நடித்திருக்கிறார். கோல்டன் குளோப் வென்ற முதல் திருநங்கை நடிகை அவர்தான், 2022இல். இந்தத் தொடரில் சோஃபியா எரிச்சல்படுகிறவள், வேலையே கதி என்று கிடக்கிறவள், தப்பைத் தப்பென்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்கிறவள். அவள் வாழ்க்கையைப் பரிதாபக் கதையாக ஆக்கவே இல்லை. நான் ஒரு சின்ன அறக்கட்டளையில் பதினோரு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். சோஃபியா மாதிரி ஒருத்தியின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். கொடை கொடுப்பவர் வரும் நாளில் முகத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே வரும் அந்த நடை அப்படியே இருக்கிறது.

உதவியாளன் நிக்கோலஸும் மாலியின் ஒன்றுவிட்ட சகோதரன் ஹோவர்டும் தொடருக்குக் கிடைத்த வரம். ஒருவன் எல்லாரையும் இளக்காரமாகப் பார்க்கிறவன். இன்னொருவன் பெரிய உடம்பும் குழந்தை மனசுமாக, மல்யுத்தக் காட்சி மேல் பித்துப் பிடித்தவன். இந்த இருவருக்கும் நடுவே மெல்ல மெல்ல வளரும் நட்பு, மாலிக்கும் அறக்கட்டளையில் வேலை பார்க்கும் ஆர்தருக்கும் இடையில் மூன்று சீசனாக இழுக்கும் காதலைவிட எனக்கு நெருக்கமாக இருந்தது. நிக்கோலஸ் மாலியைத் திட்டும்போதெல்லாம் அக்கா சொல்வாள்: "திட்டுறவனா இருந்தாலும் விட்டுட்டுப் போக மாட்டான் பாரு." எங்கள் வீட்டில் அவனுக்குத்தான் ஓட்டு அதிகம்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

முதல் சீசனின் கடைசியில், பிரான்சின் கோர்சிகா தீவில் நடக்கும் கோடீஸ்வரர்கள் மாநாட்டில் மாலி மேடையேறுகிறாள். இவ்வளவு பணம் ஒருவரிடம் இருக்கவே கூடாது, என்னுடையது முழுவதையும் கொடுத்துவிடப் போகிறேன் என்கிறாள். கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நகைச்சுவைத் தொடர் ஒன்று இவ்வளவு பெரிய வார்த்தையை விட்டுவிட்டதே, இனி எப்படிக் கொண்டுபோவார்கள் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன்.

பணம் குறையவே இல்லை. அவள் கொடுக்கிறாள், ஆனால் கொடுத்ததன் கனம் திரையில் எங்கும் தெரியவில்லை. விமானம் இருக்கிறது, மாளிகை இருக்கிறது, சமையலுக்குத் தனி ஆள் இருக்கிறான். அந்த மாளிகை லாஸ் ஏஞ்சலஸின் பெல் ஏர் பகுதியில் உள்ள ‘தி ஒன்’ என்ற நிஜ வீடு. ஒரு லட்சம் சதுர அடிக்கு மேல். 29.5 கோடி டாலர் விலை சொல்லி, யாரும் வாங்காமல், 2022இல் ஏலத்தில் 12.6 கோடிக்குப் போன வீடு. நிஜத்தில் அந்த வீட்டின் மதிப்பே பாதிக்கும் கீழே இறங்கியது. அதில் குடியிருக்கும் மாலியின் பணம் மட்டும் இறங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8,700 கோடி டாலருக்கு வருடம் வெறும் 5 சதவீதம் வருமானம் என்று வைத்தாலே 435 கோடி. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 1.2 கோடி டாலர். மாலி ஒன்றுமே செய்யாவிட்டாலும் தினமும் அவ்வளவு சேர்ந்துவிடும். பணம் ஏறாமல் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டுமென்றால்கூட ஞாயிற்றுக்கிழமை உட்பட தினமும் அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். முழுவதையும் கொடுத்து முடிப்பது எவ்வளவு பெரிய, எவ்வளவு வேடிக்கையான, எவ்வளவு பயங்கரமான வேலை! தொடரின் உண்மையான சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. அதைத் தொடவே இல்லை.

அதுவும் ஆர்தரை வைத்துக்கொண்டு! அவன் அந்த அறக்கட்டளையின் கணக்காளன். எவ்வளவு நல்ல மனிதன், எவ்வளவு மென்மையான நடிப்பு. முப்பது எபிசோடில் அவன் பேரேட்டைத் திறந்து உட்கார்ந்து மூச்சுத் திணறும் ஒரு முழு எபிசோட் இருக்கக் கூடாதா? அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளை வருடாவருடம் தன் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை வெளியே கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் வருமானத்தில் 85 சதவீதத்தை நற்பணிக்குச் செலவிட வேண்டும், மிச்சம் நின்றால் காரணம் எழுத வேண்டும். மார்ச் மாதம் வந்தால் நான் வவுச்சரும் பயன்பாட்டுச் சான்றிதழும் கையுமாகத்தான் தூங்குவேன். மூன்று லட்சம் ரூபாய் செலவாகாமல் நின்றதற்கே ஒரு வருடம் ஆடிட்டர் முன்னால் எனக்குக் கை நடுங்கியது. பணத்தைச் சரியாகக் கொடுப்பது பணத்தைச் சம்பாதிப்பதற்குச் சளைத்த வேலை இல்லை. அது தெரிந்த ஓர் எழுத்தாளர் அந்த அறையில் இருந்திருந்தால் ஆர்தருக்குக் காதலைத் தவிர வேறு வேலையும் கிடைத்திருக்கும்.

இரண்டாவது சீசனில் ஒரு நல்ல யோசனை வந்தது. காலியாகக் கிடக்கும் ஹோட்டல்களை வாங்கி வீடற்றவர்களுக்கு வீடாக்கும் திட்டம். கலிபோர்னியா அரசு 2020இலிருந்து ‘ஹோம்கீ’ என்ற பெயரில் இதையே செய்துவருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2024 கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் 75,000க்கு மேல். அந்த நகரத்தில் இதைவிட எரியும் விஷயம் இல்லை. ஒரு பழைய ஹோட்டலை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. குழாய் மாற்ற வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், அக்கம்பக்கத்தாரைச் சமாளிக்க வேண்டும், அப்புறம் வருடாவருடம் நடத்தும் செலவு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு எபிசோடுக்கான கதை இருக்கிறது. தொடர் அதைத் தொட்டுவிட்டு, யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்ற பக்கம் போய்விடுகிறது. அந்த வீட்டுக்குக் குடிவந்த ஒரு பெண்ணின் முகமாவது மனதில் நின்றிருக்க வேண்டும். எனக்கு ஒரு முகமும் நினைவில் இல்லை.

இந்தத் தொடர் வந்தபோது எல்லாருக்கும் மெக்கென்சி ஸ்காட் ஞாபகம் வந்தது. எனக்கும்தான். 2019இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸிடமிருந்து விவாகரத்து. அமேசானில் தம்பதிக்கு இருந்த பங்குகளில் கால்வாசி, அதாவது நிறுவனத்தில் சுமார் 4 சதவீதம், அவருக்கு வந்தது. அதே வருடம், சொத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவதாகக் கையெழுத்திட்டார். 2024 முடிவதற்குள் 2,000க்கும் மேற்பட்ட அமைப்புகளுக்கு 1,900 கோடி டாலருக்கு மேல் கொடுத்துவிட்டார். நிபந்தனை இல்லை, எதற்குச் செலவிட வேண்டும் என்ற கட்டளை இல்லை. அவ்வளவு கொடுத்தும், பங்கு விலை ஏறியதால் இன்னும் பல ஆயிரம் கோடி டாலர் அவரிடம் இருக்கிறது. நிபந்தனை இல்லாத பணம் என்றால் என்னவென்று என்னைப் போன்ற வேலையில் இருப்பவர்களைக் கேளுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த நோட்டுப் புத்தகங்களுக்கு இருபது புகைப்படம் கேட்ட கொடையாளரை நான் பார்த்திருக்கிறேன். மாலி எல்லா இடத்துக்கும் தானே போய் நிற்கிறாள், மேடையில் பேசுகிறாள், அணைத்துக்கொள்கிறாள். நாயகி என்றால் திரையில் இருந்துதான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனால் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதன் அழகையும் ஒருநாளாவது அவள் கற்றுக்கொண்டிருக்கலாம்.

இதையெல்லாம் நான் சொன்னால் அக்கா ஒத்துக்கொள்வதில்லை. "நாள் முழுக்க ஆபீஸ்ல கணக்கு, வீட்டுக்கு வந்தும் கணக்கா? அவ சிரிக்க வைக்கிறா, அது போதும்" என்பாள். அத்தைக்கு வேறு குறை: இவ்வளவு பேர் இருந்தும் மாலிக்கு அம்மா மாதிரி ஒருத்தி பக்கத்தில் இல்லையே என்று. அவர்கள் இருவரும் சிரித்ததை நானும் பார்த்தேன், அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அது பொய் இல்லை. உடம்பு சரியில்லாத ஒரு வாரம் முழுவதும் எனக்குத் துணை இருந்தது முதல் சீசன்தான்.

இருந்தாலும் தோழிக்கு நான் எழுதி அனுப்பியது "வேண்டாம்" என்றுதான். இவ்வளவு பிடித்த தொடரை இப்படிச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் ஜீவனாம்சத் தொகைக்காக மாதாமாதம் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வக்கீல் கட்டணத்துக்கு வளையலை அடகு வைத்தவள். கலிபோர்னியாவில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், திருமணத்தின்போது சேர்ந்த சொத்து பாதிக்குப் பாதி என்று சட்டமே இருக்கிறது. இங்கே அவளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 8,700 கோடி என்ற எண் அவள் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் போகட்டும்.

அனுப்பிய பிறகும் மனசு கேட்கவில்லை. அலுவலகத்துக்கு முதல்நாள் வரும் மாலியை, யாரும் வேண்டாம் என்று நினைக்கும் இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் மாலியை, அவள் பார்க்காமல் போவது சரியா? அரை மணி நேரம் கழித்து இன்னொன்று அனுப்பினேன்: பார்த்தே ஆவேன் என்றால் முதல் சீசன் மட்டும் பார். பத்தாவது எபிசோடில் அந்த மேடைப் பேச்சு முடிந்ததும் நிறுத்திவிடு. மறுநாள் காலை அவள் யார் பக்கத்தில் கண் விழிக்கிறாள் என்பது உனக்கு இப்போது வேண்டாம்.