45 பாகைப் பள்ளம்: ஸ்லைடிங் மைட்டர் வாளுடன் இரண்டு வருடம்

கடந்த வாரம் என் ஸ்லைடிங் மைட்டர் வாள், அதாவது மரத்தைக் குறுக்கேயும் கோணமாகவும் வெட்டும் மின்வாள், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்து நின்றுவிட்டது. மட்டக்களப்பு நகரில் மோட்டார் கட்டுபவரிடம் கொண்டுபோய் இரண்டு கார்பனையும் மாற்றினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்று மாலையே ஆலையடிவேம்பிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் கேட்டார்: “அத்தான், நானும் ஒன்று வாங்கப் போகிறேன். உங்களிடம் இருக்கும் அதே வகை வாளை வாங்கட்டுமா?” ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது பத்து அங்குல அலகும் 1,800 வாட் மோட்டாரும் இரட்டைக் குழாயில் முன்னும் பின்னும் ஓடும் தலையும் கொண்ட வாள். 2023 ஆவணியில் 86,000 ரூபா கொடுத்து வாங்கினேன். 2022இல் ரூபா விழுவதற்கு முன் இதே வகை வாளுக்கு விலை கேட்டிருந்தேன். ஏறத்தாழ அரைவாசிதான் சொன்னார்கள். அப்போது வாங்காமல் விட்ட கவலை இன்னும் இருக்கிறது. பெயர்பெற்ற ஜப்பானிய, ஜேர்மன் வாள்கள் எட்டாத விலையில் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் பின் விறாந்தையில் வேலை செய்கிறவனுக்கு அவை கட்டாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலை ஓடும் குழாய்களைப் பற்றித்தான் வாங்கும்போது எனக்குப் பயம் இருந்தது. மலிவான வாள்களில் தலையை முழுதாக முன்னால் இழுத்துவிட்டு இடமும் வலமும் அசைத்துப் பார்த்தால் ஆடும். ஆடினால் அகலப் பலகையில் வெட்டு வளையும். இந்த வாளில் அந்த ஆட்டம் இல்லை. கல்லடியில் கடலிலிருந்து நாநூறு யார் தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. உப்புக் காற்றில் யன்னல் கொளுக்கிகூட இரண்டு மாரிக்கு மேல் தாங்குவதில்லை. ஆனால் இந்தக் குழாய்கள் இரண்டு வாடைக்காலத்தைக் கண்ட பிறகும் வழுவழுவென்று ஓடுகின்றன. எண்ணெய் பூசினால் மரத்தூள் ஒட்டிப் பசையாகிவிடும் என்பதால், மாதம் ஒரு முறை துணியால் துடைத்து மெழுகை மட்டும் தேய்த்துவிடுகிறேன். 300 மில்லிமீற்றர் அகலமான தேக்குப் பலகையை ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டி மூலைமட்டத்தை வைத்தால், வெளிச்சம் புகுவதற்கு இடைவெளி இருப்பதில்லை. இந்த விலைக்கு நான் எதிர்பார்க்காதது இது.

வாளோடு வந்த 40 பல் அலகை முதல் மாதமே கழற்றினேன். தீராந்திக்கு அது போதும். சட்ட வேலைக்கு 60 பல் வேண்டும். அதிலும் பற்கள் பின்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும் அலகாக எடுக்க வேண்டும். ஓடும் தலை உள்ள வாளில் முன்சாய்ந்த பல் மரத்தில் ஏறிக்கொண்டு கையை நோக்கிப் பாயும். அலகு வாங்கும்போது நடுத்துளையை அளந்துகொள்ளுங்கள். என்னுடையதற்கு 30 மில்லிமீற்றர். அலகைப் பிடித்திருக்கும் ஆணி இடதுபுரி; வழக்கத்துக்கு மாறாக, வலப்பக்கம் திருப்பினால்தான் கழறும். இதை அறியாமல் திருப்பி ஆணியின் தலையைச் சிதைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி என் மனத்தாங்கல்.

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அவருடைய படத்துக்கு நானே சட்டம் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் பழைய கட்டிலின் முதிரைக் கால்கள் கிடந்தன. அந்தக் கட்டிலும் அப்பா செய்வித்ததுதான். அவற்றைக் கிழித்து, சீவி, 40 மில்லிமீற்றர் அகலத்தில் நான்கு சட்டம் எடுத்தேன். முதிரையைச் சீவிய உடனே வரும் பொன்னிறத்தைப் பார்த்தவர்களுக்கு, அதில் ஒரு துண்டைக்கூட வீணாக்க மனம் வராது என்பது தெரியும். வாளின் சுழல் மேசையை வலப்பக்கம் திருப்பினேன். மேசையைக் கோணத்தில் பிடித்து நிறுத்த 45 பாகையில் இருக்கும் பள்ளத்தில் வில் (ஸ்பிரிங்) “டக்” என்று விழுந்தது. பூட்டினேன். சட்டங்களைப் புரட்டிப் புரட்டி எட்டு வெட்டையும் அந்தப் பக்கத்திலேயே வெட்டினேன். மூன்று மூலைகளைப் பொருத்தி நாலாவதுக்கு வந்தபோது, உள்ளே ஒட்டிக்கொண்ட மூலை வெளியே நாலு மில்லிமீற்றர் வாய் திறந்து நின்றது.

முதலில் என் கையைத்தான் சந்தேகித்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வயதான ஓடாவியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாலு மூலையையும் பார்த்தார். “எல்லா வெட்டும் ஒரே அளவில் பிழைத்திருக்கிறது, தம்பி. கை பிழைத்தால் இப்படி ஒரே மாதிரிப் பிழைக்காது. வாளைப் பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். இரண்டு துண்டுகளை வெட்டிச் சேர்த்து மூலைமட்டத்தை வைத்தால் 90 இல்லை, 91. அதாவது 45 என்று எழுதியிருக்கும் பள்ளம் 44.5இல் நிற்கிறது. அரைப் பாகைதானே என்று சிலர் சொல்வார்கள். ஒரு படச் சட்டத்துக்கு எட்டு வெட்டு. எட்டு அரை சேர்ந்தால் நாலு பாகை. அந்த நாலு பாகையும் கடைசி மூலையில் வந்து நிற்கும். 40 மில்லிமீற்றர்ச் சட்டத்தில் அதுதான் அந்த நாலு மில்லிமீற்றர் வாய்.

திருத்தலாமே என்று அலன் சாவியை எடுத்தேன். நல்ல வாள்களில் இந்தப் பள்ளங்கள் தனித் தகட்டில் இருக்கும்; திருகாணிகளைத் தளர்த்தித் தகட்டை நகர்த்தலாம். என்னுடையதில் பள்ளங்கள் அடித்தட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கின்றன. நகர்த்தக்கூடியது மரத்தைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பு ஒன்றுதான். அதைத் தள்ளினால் 45 சரியாகும், 90 கெட்டுவிடும். சரி, பள்ளத்தை விட்டு அரைப் பாகை தள்ளி நிறுத்தலாம் என்றால், பூட்டும் கைப்பிடியை இறுக்கும்போதே வில் மேசையை மறுபடி பள்ளத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. வில்லைத் தூக்கி வைப்பதற்கு ஒரு சிறிய நெம்புகோல் போட்டிருந்தால் போதும். அதைக்கூடப் போடவில்லை. வாங்கிய கடையில் சொன்னேன். “இந்த விலைக்கு அது அப்படித்தான்” என்றார்கள். 86,000 ரூபா எனக்குச் சிறிய காசு இல்லை. அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

திவசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. தீப்பெட்டி அட்டையை இரண்டாக மடித்து, தடுப்புக்கும் மரத்துக்கும் இடையில், முனையிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் தள்ளி வைத்து மறுபடி வெட்டினேன். நான் கணக்குப் பார்த்தபடி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான தடிப்பு வேண்டும். அட்டை அதற்குச் சரியாக இருந்தது. நாலு மூலையும் மூடின. மறுவெட்டில் சட்டம் எல்லாப் பக்கமும் குறுகிப்போனதால் படத்தின் ஓரத்தைச் சிறிது வெட்ட வேண்டியதாயிற்று. அப்பாவின் தோளுக்குப் பின்னால் இருந்த வேப்பமரம் அதில் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒட்டுப்பலகை ஒன்றில் இரண்டு சட்டங்களை ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகையில், அம்பு முனைபோல அறைந்து, அந்தப் பலகையை வாளின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுகிறேன். மேசை பூச்சியத்திலேயே நிற்கும். ஒரு துண்டை இடப்பக்கச் சட்டத்திலும் அதோடு சேரும் துண்டை வலப்பக்கச் சட்டத்திலும் வைத்து வெட்ட வேண்டும். அம்பு சற்றுக் கோணலாக அமைந்து ஒரு பக்கம் 44.5 ஆனாலும், மறுபக்கம் 45.5 ஆகிவிடும்; கூட்டினால் எப்போதும் 90. முதன்முதலில் இப்படி வெட்டிய இரண்டு துண்டுகளைச் சேர்த்து விரல் நகத்தால் மூட்டின் மேல் இழுத்துப் பார்த்தேன். நகம் எங்கும் தடுக்கவில்லை. அன்று இரவு சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து போகாமல் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஒட்டுப்பலகையைப் பயன்படுத்த முடிவதே தலை நீளமாக ஓடுவதால்தான் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஓடாத தலை என்றால் அலகு அம்பு முனையைத் தாண்டாது.

மற்றவை சுருக்கமாக. தூசிப் பை பாதித் தூளைக்கூடப் பிடிப்பதில்லை. முதிரைத் தூள் தோலிலும் மூக்கிலும் அரிப்பைக் கொடுக்கும், முகக்கவசம் இல்லாமல் வெட்ட வேண்டாம். பாலை தண்ணீரில் தாழும் மரம். அதை வெட்டும்போது மோட்டார் திணறுகிறது, மெதுவாக இறக்க வேண்டும். லேசர் கோட்டை நான் நம்புவதே இல்லை. அலகை நிறுத்தும் பிரேக் கிடையாது. சுவிட்சை விட்ட பிறகும் கிட்டத்தட்டப் பத்து வினாடி சுழலும். அது நிற்கும்வரை தலையைத் தூக்காதீர்கள். ஒரு முறை அவசரத்தில் தூக்கி, அலகில் சிக்கிய சிறு துண்டு என் காதோரமாய்ப் போய்ச் சுவரில் அடித்தது. அகலப் பலகை என்றால் தலையை முன்னால் இழுத்து, கீழே இறக்கி, பிறகு பின்னால் தள்ளி வெட்டுங்கள். ஓடும் அலகை உங்களை நோக்கி இழுத்து வெட்ட வேண்டாம்.

மைத்துனருக்கு என் பதில்: இந்த வாளை வாங்க வேண்டாம். குழாய் நன்று, மோட்டார் நன்று, இரண்டு வருடத்தில் கார்பனைத் தவிர வேறு செலவு வைக்கவில்லை. இவ்வளவும் உண்மை. ஆனாலும் 45 என்று எழுதிய இடத்தில் 45 இல்லாத வாளை இன்னொருவர் காசு கொடுத்து வாங்குவதற்கு என் வாயால் சொல்ல மாட்டேன். இதே விலையில், பள்ளத் தகட்டைத் திருகாணியால் நகர்த்தக்கூடிய வாளாகத் தேடுவோம். ஒன்றிரண்டு வசதி குறைந்தாலும் பரவாயில்லை, லேசரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கடையில் வெட்டிப் பார்க்க விடமாட்டார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மேசையை 45 பள்ளத்தில் பூட்டி, தலையைக் கீழே இறக்கி, பாடசாலைக் கணிதப் பெட்டியில் இருக்கும் 45 பாகை மூலைமட்டத்தைத் தடுப்புக்கும் அலகுக்கும் நடுவில் வைத்துப் பின்னாலிருந்து டோர்ச் அடித்தால் போதும். மூலைமட்டம் பல்லில் முட்டக்கூடாது, பல்லுக்கு உள்ளே தட்டையான இடத்தில் பட வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கம் ஆப்புப் போல விரிந்து தெரிந்தால் அந்த வாள் வேண்டாம். இடம், வலம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மைத்துனரே, வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் உங்கள் ஆலையடிவேம்புக்குப் பக்கத்து அக்கரைப்பற்றுக்கு வருகிறேன். மூலைமட்டமும் டோர்ச்சும் நான் கொண்டுவருவேன். அதுவரை எந்தக் கடையிலும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.