சமுதாயக் கல்லூரியின் பேரிடர் மீட்புப் பயிற்சி: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கும் சமுதாயக் கல்லூரி என்பது, பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைக் குறைந்த செலவில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல உதவும் இடமாகத்தான் அறிமுகம். நாட்டின் தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், அவசர மருத்துவ ஊழியர்கள் ஆகியோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இக்கல்லூரிகளில் தகுதிச் சான்று பெற்றவர்கள் என்று அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் சங்கம் நெடுங்காலமாகக் கூறிவருகிறது. அவர்களைப் பயிற்றுவிக்கும் வசதிகளையும் ஆசிரியர்களையும் பொதுமக்களும் பயன்படுத்திக்கொள்ள வழி உண்டு. எங்கள் பகுதிக் கல்லூரியின் தொடர்கல்விப் பிரிவு மாலை வகுப்புகளாக நடத்தும் 'செர்ட்' எனப்படும் சமுதாய அவசரகால மீட்புக் குழுப் பயிற்சியில் சேர்ந்து முடித்தேன். செயல்முறைப் பாடங்கள் முதல் தரம். உள்நாட்டுப் பாதுகாப்புப் பாடம் மெலிந்தது. சான்றிதழ் கொடுத்த பிறகு கல்லூரி நம்மை மறந்துவிடுகிறது என்பது பெருங்குறை.

இப்பயிற்சி உருவான கதையையே முதல் வகுப்பில் பாடமாக்கியிருந்தார்கள். 1985இல் மெக்சிகோ நகரத்தை நிலநடுக்கம் தாக்கியபோது, எந்தப் பயிற்சியும் இல்லாத பொதுமக்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து சுமார் 800 பேரை மீட்டார்கள். அம்முயற்சியில் அவர்களில் சுமார் 100 பேர் உயிரிழந்தார்கள். ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரியான எங்கள் பயிற்றுநர் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் விட்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை அதே ஆண்டில் இத்திட்டத்தை வகுத்தது; 1987இல் அந்நகரத்துக்கு அருகே நேர்ந்த விட்டியர் நாரோஸ் நிலநடுக்கம் அதன் தேவையை உறுதிப்படுத்தியது; 1993இல் கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா அதை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. மொத்தப் பயிற்சி ஏறத்தாழ 20 மணி நேரம்.

காயம்பட்டவர்களைத் தரம் பிரிக்கும் பயிற்சியே இதில் மிகச் சிறந்த பகுதி. மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் இருக்கிறதா, அழுத்திவிட்ட நகக்கண்ணில் 2 நொடிக்குள் இரத்தம் திரும்புகிறதா, 'என் கையைப் பிடியுங்கள்' என்றால் பிடிக்கிறாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டு, சிவப்பு (உடனடி உதவி தேவை), மஞ்சள் (சற்றுக் காத்திருக்கலாம்), பச்சை (லேசான காயம்), கறுப்பு (இறந்தவர்) என்று அட்டை கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர வேண்டும். காகிதத்தில் இது எளிது. ஆனால் அவசர மருத்துவம் படிக்கும் மாணவர்கள் செயற்கை இரத்தம் பூசிக்கொண்டு, அரையிருட்டில் காலைப் பிடித்திழுத்துக் கதறும்போது, ஒருவரை விட்டு எழுந்து அடுத்தவரிடம் செல்வதற்கு மனத்தைப் பழக்கியே ஆக வேண்டும். இரத்தம் பீறிடும் கையிலும் காலிலும் காயத்துக்குச் சில அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து இறுக்குப்பட்டையைக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைக்கவும் கைப்பழக்கம் வரும்வரை செய்யவைத்தார்கள்.

சனிக்கிழமை நடந்த இடிபாட்டு மீட்பும் அதற்குக் குறைந்ததன்று. கான்கிரீட் பலகையின் கீழே ஆளுயரப் பொம்மை ஒன்று கிடக்கும். நெம்புகோலால் பலகையை ஓர் அங்குலம் தூக்கியதும் அந்த ஓர் அங்குலத்துக்கு மரக்கட்டை அடுக்க வேண்டும். பிறகு அடுத்த அங்குலம். எங்கள் குழு அவசரத்தில் சற்று அதிகமாகத் தூக்கியவுடன் பயிற்றுநர் விசிலடித்து நிறுத்திவிட்டு, நெம்புகோல் இப்போது நழுவினால் பலகை எங்கே விழும் என்று ஒருவரைச் சுட்டிக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் அவசரப்படவில்லை. தீயணைப்பு மாணவர்களுக்கான பயிற்சித் திடலும், செவிலியர் துறையின் பொம்மைகளும், அவற்றை அன்றாடம் கையாளும் ஆசிரியர்களும் ஒரே வளாகத்தில் இருப்பதால்தான் இத்தனையும் கூடிவருகிறது.

எரிவாயுக் குழாயை அடைப்பது, தீயணைப்பானைக் கையாள்வது போன்ற பாடங்கள் சுருக்கமாக இருந்தாலும் பயனுள்ளவை. அடைத்த எரிவாயுவை நாமே மீண்டும் திறக்கக் கூடாது, நிறுவனத்தார்தான் வந்து திறக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. ஒரு பொறுப்பாளரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர் வரை, ஐவர் இருந்தால் உத்தமம், என்ற கட்டளை முறையை விளக்கிய வகுப்பு சற்றே வறட்சியானது. சனிக்கிழமைப் பயிற்சியில்தான் அதன் அருமை விளங்கியது.

பயங்கரவாதம் பற்றிய உள்நாட்டுப் பாதுகாப்புப் பாடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 22 அரசு அமைப்புகளை ஒன்றிணைத்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உருவான வரலாற்றையும், ஐயத்துக்குரிய பொருளைத் தொடாமல் விலகித் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் படக்காட்சியாகக் காட்டி முடித்துக்கொண்டார்கள். 2015 அக்டோபரில் ஒரிகான் மாநிலத்தின் அம்ப்குவா சமுதாயக் கல்லூரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். அப்படியிருக்க, நாங்கள் அமர்ந்திருந்த கட்டடத்தில் அபாய அறிவிப்பு எப்படி வரும், எந்தக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியும் என்று ஒரு சொல்கூடச் சொல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. வளாகப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டமான கிளெரி சட்டத்தின்படி கல்லூரிகள் அவசர அறிவிப்பு முறையை வைத்திருக்க வேண்டும். மாலை வகுப்புக்கு வருவோரும் அதற்குள் அடங்குபவர்கள்தாமே.

சான்றிதழோடு தலைக்கவசமும் கையுறையும் அடங்கிய பச்சைப் பையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. மாவட்டத்தின் தன்னார்வக் குழுவில் சேர நாமே தேடிப்போய்ப் பெயர் பதிய வேண்டியிருந்தது. என்னுடன் படித்தவர்களில் பலர் அப்படியொரு குழு இருப்பதையே அறியவில்லை. இறுக்குப்பட்டை கட்டிப் பழகிய கை, தொடர்ந்து செய்யாவிட்டால் மறந்துவிடும். ஆண்டுக்கொரு சனிக்கிழமை பழைய மாணவர்களை அழைத்து அதே திடலில் மறுபயிற்சி அளிக்கக் கல்லூரிக்குப் புதிதாக எந்த வசதியும் தேவையில்லை. மதிப்பீட்டுப் படிவத்திலும் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேலும் படிக்க விரும்புவோர், ஃபீமாவின் இணையவழிப் பாடங்களில் கட்டளை முறையையும் பேரிடர் மேலாண்மை அமைப்பையும் அறிமுகப்படுத்தும் ஐ.எஸ். 100, ஐ.எஸ். 700 ஆகியவற்றிலிருந்து கட்டணமின்றித் தொடங்கலாம். மேரிலாந்தின் ஃபிரெடரிக் சமுதாயக் கல்லூரி இத்தகைய பாடங்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு கல்லூரி மதிப்பலகுகளும் (கிரெடிட்) வழங்குகிறது. ஆனால் திரையில் படிப்பது கட்டளை முறையைத்தான் கற்றுத்தரும். பலகையைத் தூக்கக் கற்றுத்தராது.

வீட்டில் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்கள், கோயில் அல்லது தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வகுப்புகள் வேகமான ஆங்கிலத்தில் நடப்பதால், பெற்றோரையும் சேர்க்க நினைத்தால் ஃபீமாவின் கையேட்டை முன்கூட்டியே இறக்கி உடனமர்ந்து படியுங்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். பதிவு செய்யும்போதே மாவட்டத் தன்னார்வக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி தானாகச் சொல்லாது.