கோபா, கோப், நிதிக் குழு: கொமியூனிகேசன் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

சாப்பாட்டுக் கடைக்கும் கைப்பேசிக்கும் மதிப்புரை எழுதுகிறோம். எல்லோரும் காசு கட்டிவிட்டுப் பாவிக்காமலே விட்டிருக்கிற சேவை ஒன்று இருக்கிறது, அதற்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பாராளுமன்றத்தில் அரசாங்கக் காசைத் துருவிக் கேட்கும் மூன்று குழுக்களைச் சொல்கிறேன். காசு எப்போது கட்டினோம் என்று கேட்பவர்கள் கடைசியாக வாங்கிய பில்லை எடுத்துப் பாருங்கள். வற் வரி 18 வீதம்.

நான் ஹட்டன் பக்கம் கொமியூனிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட், ரீலோட், எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்லைன் ஃபோம். கொழும்பில் ஒரு அமைச்சர் பொத்தானை அமுக்கி இணையத்தளம் ஒன்றைத் திறந்து வைத்தால், அடுத்த கிழமை அது குடையும் கையுமாக என் கடை வாசலில் வரிசையில் நிற்கும். எரிபொருள் கியூ.ஆர்., அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு, அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் அப்படி வந்தவைதான். அதனால் எந்தத் திட்டத்தைப் பற்றி எந்தக் குழு என்ன கேட்டது என்று பார்ப்பது எனக்குத் தொழிலோடு சேர்ந்த வேலை.

தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் ‘கோப்’ என்றே சொல்லிவிடுவதால், முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கோபா என்பது அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, 1921லிருந்து இருக்கிறது. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், பிரதேச சபைகள் எல்லாம் அதன் முன்னால் வரவேண்டும். கோப் என்பது அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, 1979ல் வந்தது. கூட்டுத்தாபனங்கள், சபைகள், அரசாங்கக் கம்பனிகளைக் கூப்பிடுவது அது. மூன்றாவது, அரசாங்க நிதி பற்றிய குழு. வரவு செலவுத் திட்டம், வரி, கடன் என்று காசு போவதற்கு முன்னாலேயே பார்க்கக்கூடியது அதுதான். மற்ற இரண்டும் பெரும்பாலும் காசு போன பிறகு பார்க்கின்றன. கோபாவும் கோப்பும் கேள்வி கேட்கக் கையில் எடுப்பது கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகளைத்தான். அந்தக் கதிரையில் இருந்தவர் 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். நிரந்தர நியமனம் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இழுபட்டது. சேவையின் தரத்தைக் குறைத்த விஷயங்களில் இதை முதலில் போடுவேன்.

நன்றாக வேலை செய்த சந்தர்ப்பம் வேண்டுமென்றால் ஈ-விசா விவகாரத்தை எடுங்கள். வெளிநாட்டவருக்கு இணையவழி விசா கொடுக்கும் வேலை 2024 ஏப்ரல் 17ல் மொபிட்டல் நடத்திய பழைய முறையிலிருந்து ஒரு வெளிநாட்டுக் கூட்டுக்குக் கைமாறியது. பழைய முறையில் சேவைக் கட்டணம் 1 டொலர், புதியதில் 18.5 டொலர். ஹர்ஷ டி சில்வா தலைமையிலான நிதிக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கியது. விலைமனு கோராமல் எப்படிக் கொடுத்தீர்கள், இந்தக் கட்டணத்தை யார் ஒப்புக்கொண்டது, வருகிறவர்களின் தரவு யார் கையில் இருக்கும் என்பதுதான் விஷயம். விசேட கணக்காய்வும் கேட்கப்பட்டது. இன்னொரு பக்கம் சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஓகஸ்ட் 2ல் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்தக் கட்டளையை நிறைவேற்றாததற்காக செப்டெம்பரில் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் விளக்கமறியலுக்கே போனார்.

அந்த நேரம் கடைக்கு வந்த ஒரு தம்பி, “அக்கா, வெள்ளக்காரன் விசாவுக்கு எவ்ளோ கட்டுனா நமக்கென்ன?” என்று கேட்டார். நானு ஓயா ஸ்டேசனில் வெள்ளைக்காரர் இறங்கும் வரை காத்து நிற்கிற த்ரீவீல் அவருடையது. “இறங்குறவன் கொறஞ்சா ஒனக்குத் தெரியும் தம்பி” என்றேன். சிரித்துவிட்டுப் போனார், பிறகு அவரே செய்தி கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் கவனியுங்கள், தடுத்து நிறுத்தியது நீதிமன்றம். குழுவால் விதந்துரை செய்யத்தான் முடியும். அறிக்கை சபையில் வைத்து எட்டுக் கிழமைக்குள் சம்பந்தப்பட்ட அமைச்சர் பதில் சொல்லவேண்டும் என்று பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் இருக்கிறது. 2018ம் ஆண்டின் 19ம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம், நட்டத்துக்குக் காரணமான அதிகாரியிடமிருந்தே பணத்தை அறவிடவும் வழி வைத்திருக்கிறது. ஏட்டில் நல்ல பல்தான். தொலைக்காட்சித் துண்டுகளில் வருவதோ ஒரு உறுப்பினர் அதிகாரியைப் பார்த்துச் சத்தம் போடுகிற காட்சி. எட்டுக் கிழமை கழித்து என்ன பதில் வந்தது என்பதை ஒரு அலைவரிசையும் காட்டுவதில்லை. 2019லிருந்து இந்த விசாரணைகளை ஊடகங்களுக்குத் திறந்து விட்டது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதனால் சேவையின் முன்பாதிதான் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது.

அடுத்த குறை கொஞ்சம் ஆழமானது. இந்தக் குழுக்கள் நிறுவனம் நிறுவனமாகக் கூப்பிடுகின்றன. தொழில்நுட்பத் திட்டம் எந்த ஒரு நிறுவனத்துக்குள்ளும் அடங்குவதில்லை. புதிய டிஜிட்டல் அடையாள அட்டையைப் பாருங்கள். ஆட்பதிவுத் திணைக்களம் திணைக்களமாக இருப்பதால் கோபாவின் பக்கம். தகவல் தொழில்நுட்பத் திட்டங்களைச் செய்யும் ஐ.சி.டி.ஏ. அரசாங்கக் கம்பனி, அதனால் கோப்பின் பக்கம். பணத்தில் ஒரு பகுதி இந்திய மானியம், 2023 ஓகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணமாகக் கைக்கு வந்தது. மேலே ஒரு அமைச்சு. திட்டம் தாமதமானால் திணைக்களம் கம்பனியைக் காட்டும், கம்பனி விலைமனு நடைமுறையைக் காட்டும், அமைச்சு இரண்டையும் காட்டும். மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். துறைவாரியாக வேறு குழுக்களும் இருக்கின்றன, தெரியும். ஆனால் கணக்காய்வாளரின் அறிக்கையைப் பக்கத்துக்குப் பக்கம் புரட்டிக் கேட்கும் பழக்கம் இந்த மூன்றிடம்தான் இருக்கிறது.

இன்னொன்று, செலவழித்த காசைத்தான் துருவுகிறார்கள். செலவழிக்காமல் விட்டதால் வந்த நட்டம்? 2023ல் அரசாங்க மின்னஞ்சல் முறைக்குள் பணயத் தீநிரல் (தரவைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேர்) புகுந்தது. மே 17லிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதி இல்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகமும் அதில் சேர்த்தி. பாவித்தது பழைய பதிப்பு, 2021லேயே புதுப்பிக்க நினைத்தும் நிதி கிடைக்கவில்லை என்று அப்போது காரணம் சொன்னார்கள். அதே 2021ல்தான் மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபையின் தரவும் அரசாங்க மேகத்திலிருந்து (இணையவழிச் சேமிப்பகம்) அழிந்தது. ஒருமுறை சுட்ட பிறகும் பிரதி எடுத்து வைக்கக் காசு ஒதுக்காதவர் யார்? என் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ப்ரொஜெக்ட்டுக்கே நான் இரண்டு பென் டிரைவ் வைத்திருக்கிறேன்.

எரிபொருள் கியூ.ஆர். இதற்கு நேர் எதிர். 2022 ஜூலையில், நாடு கையில் டொலர் இல்லாமல் நின்ற நேரத்தில், ஐ.சி.டி.ஏ.வும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து அவசரமாகக் கட்டியது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், த்ரீவீலுக்கு 5, காருக்கு 20 என்று தொடங்கி, 2023 செப்டெம்பர் 1 வரை ஓடியது. நான் லெமினேட் பண்ணிக் கொடுத்த கியூ.ஆர். துண்டுகளை இன்னமும் பேர்ஸில் வைத்திருக்கிறார்கள். குறைந்த காசில் நாடு முழுவதும் வேலை செய்த ஒன்று எப்படிச் செய்தது என்று உட்கார்ந்து பார்த்தால் அடுத்த திட்டத்துக்கு உதவும். ஊழல் வாடை இல்லாத ஃபைலை யாரும் அவ்வளவு ஆர்வமாகத் திறப்பதில்லை போல.

இப்போது என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு அலுவலகத்தின் ஒன்லைன் விண்ணப்பம், பெயர் வேண்டாம். வீட்டு இலக்கம் போடாமல் அடுத்த பக்கம் போகாது. லயத்தில் பத்துக் காம்பராவுக்கும், அதாவது பத்து வீட்டுக்கும், சேர்த்து ஒரே முகவரி, தோட்டத்தின் பெயரும் டிவிசன் பெயரும். கடிதமே தோட்ட ஒப்பீசுக்கு வந்து அங்கிருந்துதான் ஆளுக்குப் போகும். கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா பேரை, அதாவது ஒரு நாள் வேலையையும் சம்பளத்தையும், விட்டுவிட்டு வந்து நிற்கிறார். “இந்தா புள்ள, நம்பர் இல்லேனா சும்மா ஒன்னுனு போடு” என்கிறார். போட்டால் அதே லயத்தில் இன்னொருவருக்கும் ஒன்று. போடாவிட்டால் அவர் திரும்பிப் போகவேண்டும். விண்ணப்பம் இலவசம் என்று விளம்பரம், எனக்கு 200 ரூபா, பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் பேர் போச்சு. திருத்தம் என்று மறுபடி வரச்சொன்னால் இன்னொரு பேர்.

என் கடை இப்படிப்பட்ட ஃபோம்களால்தான் ஓடுகிறது. ஒழுங்காகக் கட்டிய இணையத்தளம் வந்தால் என் வருமானம் குறையும். அதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன்: இந்த 200 ரூபாவும் அந்தப் பேரும் எந்தக் கணக்காய்வு அறிக்கையிலும் திட்டத்தின் செலவாக வருவதை நான் வாசித்ததில்லை. தராசடியில் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கிலோ கழிக்கிறபோது எங்கள் பெண்கள் முள்ளைப் பார்த்துக் கேட்பார்கள், எவ்வளவு கழித்தாய் என்று. அந்த மாதிரிக் கேள்விதான் குழுவிலிருந்து வரவேண்டும். அஸ்வெசும 2023ல் தொடங்கியபோது தோட்டத்துக் குடும்பங்கள் பல வெளியே விடப்பட்டன என்று மலையகம் முழுக்கப் பேச்சு. மென்பொருளுக்கு எவ்வளவு போனது என்று கேட்பவர்கள், அதன் கேள்விகள் காம்பராவுக்குப் பொருந்தினவா என்றும் கேட்கலாமே.

புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக, அதற்கு மேல் வருகைக்கு 200 ரூபா அரசாங்கம் கொடுக்கும், மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். சந்தோஷம், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் அந்த 200 பொதுப்பணம், வருகையைப் பதிவது கம்பனியின் செக்ரோல் என்ற வரவுப் பதிவேடு. 1992ல் தோட்ட நிர்வாகம் தனியார் கையில் போனதிலிருந்து பெரும்பாலான தோட்டங்கள் கோப்பின் மேசைக்கு வருவதில்லை. ஜனவசம (மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை) மாதிரி அரசாங்கம் நடத்துகிறவற்றைத்தான் கூப்பிட்டுச் சேமலாப நிதி நிலுவையைக் கேட்கிறார்கள். அரைநாள் பேரை எப்படி எண்ணுவது, பதிவு யாருக்குத் தெரியும், பிழையென்றால் எங்கே சொல்வது? காசு போவதற்கு முன்னாலேயே நிதிக் குழு இதைக் கேட்டிருந்தால் அதற்கு முழுப் புள்ளி கொடுத்திருப்பேன்.

மொத்தத்தில் ஐந்தில் மூன்று. ஈ-விசாவுக்காக நாலு கொடுக்க நினைத்தேன், மின்னஞ்சல் விஷயம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது.

பாவிக்க விரும்புகிறவர்களுக்கு: தொலைக்காட்சித் துண்டை விட்டுவிடுங்கள். பாராளுமன்ற இணையத்தளம் தமிழிலும் இருக்கிறது, அங்கே குழு அறிக்கையைத் தேடுங்கள். முதலில் நிறுவனத்தின் பெயரை வைத்து அது கோபாவா கோப்பா என்று தீர்மானித்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். அறிக்கையில் விதந்துரை கிடைத்தால், அதன்படி என்ன செய்தீர்கள் என்று அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கே எழுதிக் கேளுங்கள். 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர் சொல்லவேண்டும். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு ஃபோமுக்கு என் கடையில் நிரப்புகூலி இல்லை, போட்டோ கொப்பிக்கு மட்டும் காசு.