பழைய பாணி ஃபேன்டஸி ரோல்பிளேயிங்: எந்த கேமில் தொடங்கலாம்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங்கில் பழைய பாணி கேம் தேடுபவர்கள் பெரும்பாலும் கதாபாத்திர வகைகளையும் சண்டை விதிகளையும்தான் முதலில் புரட்டுகிறார்கள். பல வருடம் ஆடிய பிறகு நான் பார்ப்பது வேறு: சண்டை இல்லாத நேரத்தை அந்த கேமின் விதிப் புத்தகம் எப்படி நடத்துகிறது?

எங்கள் குழு நிலைத்து நின்றது ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸில். இவ்வகையின் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளை கவின் நார்மன் தெளிவாக அடுக்கித் தந்திருக்கும் கேம் இது. டன்ஜனுக்குள், அதாவது அரக்கர்களும் புதையலும் உள்ள நிலவறைக்குள், நேரம் பத்துப் பத்து நிமிடமாக நகரும். அதுதான் ஒரு டர்ன். ஆறு டர்னில் தீப்பந்தம் அணைந்துவிடும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஆறுமுகப் பகடை உருட்டுவார். 1 விழுந்தால் ஏதோ வந்துகொண்டிருக்கிறது. அதனால் ஒரு சுவரைத் தடவிப் பார்ப்பதற்குக்கூட யோசிப்போம்.

எதிரில் வருவதெல்லாம் பாயாது என்பது அடுத்த அழகு. குறுகலான நடைவழியில் ஒருமுறை கோப்ளின் என்னும் குட்டி அரக்கர்களின் கூட்டம் எதிர்ப்பட்டது. அவற்றின் மனநிலை அறிய இரண்டு பகடை உருட்டினால் 9, அதாவது எங்களைக் கண்டுகொள்ளும் எண்ணமே அவற்றுக்கு இல்லை. எங்கள் மந்திரவாதி உணவு மூட்டையை நீட்டி, கீழே போகும் படிக்கட்டு எங்கே என்று கேட்டார். வழி கிடைத்தது. அப்புறம் பல அமர்வுகளுக்கு எங்களுக்குத் துப்பு சொன்னவை அந்தக் கோப்ளின்கள்தான். வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி; அது சேர்ந்தால்தான் கதாபாத்திரம் அடுத்த நிலைக்கு உயரும். கொன்றால் கிடைப்பது சொற்பம். சண்டையைத் தவிர்க்க எல்லோருக்கும் நல்ல காரணம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. முதல் நிலைத் திருடனுக்குப் பூட்டுத் திறக்கும் வாய்ப்பு 15 சதவீதம்தான். இது எனக்கு இன்றும் உறுத்தல். முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளுக்கு ஒரே மந்திரம். கதாபாத்திரங்கள் சீக்கிரம் சாகும். நீண்ட பின்கதை எழுதிக்கொண்டு வருபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேறு கேம்களும் உண்டு. பேசிக் ஃபேன்டஸி என்ற கேமின் பிடிஎஃப் இலவசம். ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸின் அடிப்படை விதிகளைப் போல எல்ஃப் என்பதே ஒரு வகுப்பாக இல்லாமல், இனத்தையும் (மனிதர், எல்ஃப் போல) வகுப்பையும் (திருடன், மந்திரவாதி போல) தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். டன்ஜன் கிராவ்ல் கிளாசிக்ஸ் வேடிக்கையானது, ஆனால் ஏழுமுகம், பதினான்குமுகம் என்று விசித்திரப் பகடைகள் வேண்டும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் தனி அட்டவணை. முதல் கேமாக அதைச் சொல்ல மாட்டேன். 2023இல் வந்த கெல்சி டியோனின் ஷாடோடார்க்கில் தீப்பந்தம் நிஜக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் எரியும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு ஆடிப் பழகியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

செலவில்லாமல் பார்க்க வேண்டுமா, பேசிக் ஃபேன்டஸியை இறக்கி ஒரு சின்ன டன்ஜன் ஆடுங்கள். டர்ன் எண்ணுவது குழுவுக்குப் பிடித்தால் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் வாங்குங்கள்; அலுப்பாக இருந்தால் ஷாடோடார்க்.