சென்னை வழியாகப் பலாலிக்கு: தூரம், நேரம், காத்திருப்பு

லண்டனிலிருந்து இந்த முறை கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையம் வழியாகப் போகாமல், சென்னைக்கு வந்து அங்கிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்குப் பறந்தோம். அம்மாவுக்கு முழங்கால் நோவு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவிரவாக வான் வண்டியில் காலை மடக்கிக்கொண்டு இருக்க அவவுக்கு இனி ஏலாது.

சென்னைக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர். கிட்டத்தட்ட நேர் தெற்கு. அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் அளவில் போட்டிருக்கும். திருச்சியிலிருந்து என்றால் சுமார் 185 கிலோமீற்றர்தான். தூரம் பாதிதானே என்று நேரத்தையும் பாதியாக எண்ணிவிட வேண்டாம், அதற்கும் ஒரு மணி நேரம் பிடிக்கும். அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்கும்போது முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், மேலே ஏறுவதற்கும், இறங்குவதற்கும் ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஓடுவதும் ஜெட் அல்ல, ஏடிஆர் 72. மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் போகும் உந்துசுழலி விமானம். குறுகிய ஓடுபாதைக்கு அதுதான் தோது.

உண்மையான பாடு சென்னையில்தான். லண்டன்–சென்னை ஒரு பயணச்சீட்டு, சென்னை–பலாலி வேறொன்று என்று எடுத்தால் பொதிகளைச் சென்னையில் நாங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்குக் குடிவரவைத் தாண்ட வேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா வேண்டும். பெரிய விமானத்தில் தரும் நிறையைச் சின்ன விமானத்தில் எதிர்பார்க்கவும் முடியாது. விடியப் புறம் இறங்கிய எங்களுக்கு அடுத்த விமானம் மதியத்துக்குப் பிறகுதான். முன்கூட்டியே கேட்டிருந்த சக்கர நாற்காலி, பட்டியலில் இல்லை என்றார்கள். வயதான மனுசியை அவ்வளவு நேரம் நிற்க வைத்தது சரியே இல்லை.

பலாலியில் எல்லாம் வேறு மாதிரி. விமானத்தின் படியால் அம்மாவை இரண்டு பணியாளர்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கட்டடம் சின்னது, கடைகள் குறைவு, ஆனால் குடிவரவில் தமிழில் பேசி விரைவாக அனுப்பினார்கள். யாழ் நகரம் அங்கிருந்து 20 கிலோமீற்றருக்கும் குறைவு.

2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, கொரோனாவோடு சேவை நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கிய இடம் இது. ஓடுபாதை நீண்டால் பெரிய விமானமும் வரும், எனக்கும் அது வேண்டும். ஆனால் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் இடம்பெயர்ந்த சனத்தின் காணி அவர்களுக்கே திரும்ப வேண்டும். அதை எடுத்து நீட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

வயதானவர்களோடு போகிறவர்கள் சென்னையில் ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் விமானத்தைப் பிடியுங்கள். சக்கர நாற்காலியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டு, முதல்நாளும் தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள்.