குடிதண்ணி சேமிக்க பழைய டிரம் வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

தண்ணி சப்ளை நின்னா சமாளிக்க ஒரு பெரிய நீல டிரம் வாங்கினேன். குடிக்கிறதுக்குன்னு தெளிவா சொல்லித்தான் கேட்டேன், கடைக்காரர் "ஃபுட் கிரேடு சார், ஜூஸ் கம்பெனில இருந்து வந்தது"ன்னு அடிச்சு சொல்லி, அடியில முக்கோணத்துக்குள்ள 2ன்னு போட்டிருந்ததையும் காட்டினார்.

கழுவி நிரப்பி மூடி வச்சு, கொஞ்ச நாள் கழிச்சு திறந்தா பெயின்ட் தின்னர் மாதிரி நெடி. கொட்டிட்டு சோப்பு போட்டு, அப்புறம் பிளீச் போட்டு, வெயில்ல காயவச்சு, மறுபடி நிரப்பினாலும் அதே நெடிதான். கவுத்து நல்லா பாத்தா லேபிள சுரண்டி எடுத்த பசை, ஓரத்துல சிவப்பு கோடு போட்ட டைமண்ட் படத்துல பாதி ஒட்டிட்டு இருக்கு. அது அபாயமான கெமிக்கலுக்கு ஒட்டுற அடையாளம்ங்க!

திரும்பப் போய் கேட்டா "கொதிக்க வச்சு குடிங்க, ஒண்ணும் ஆகாது"ங்கறார், காசும் தரல. இதுதான் எனக்கு தாங்கல, ஏன்னா கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், கெமிக்கல் அப்படியேதான் இருக்கும், குளோரின் போட்டாலும் அதே கதைதான். பிளாஸ்டிக் கெமிக்கல உள்ள இழுத்து வச்சுக்கிட்டு தண்ணில கொஞ்சம் கொஞ்சமா விடும், அத எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. வீட்ல சின்ன குழந்தை இருக்கு, நெடி வராத கெமிக்கலா இருந்திருந்தா குடிச்சிருப்போம்.

அந்த 2 நம்பர் ஹெச்டிபிஈங்கற பிளாஸ்டிக் வகைய மட்டும்தான் சொல்லுது, ஆசிட், பூச்சி மருந்து கேன் கூட அதே பிளாஸ்டிக்லதான் வரும். கிளாசும் ஃபோர்க்கும் போட்ட மார்க் இருந்தா சாப்பாட்டு பொருள் வைக்க செஞ்சதுன்னு அர்த்தம், ஆனா பழசுன்னா நடுவுல யாரு எத ஊத்தி வச்சாங்கன்னு அந்த மார்க் சொல்லாது. அதனால பழச விட்டுட்டு புதுசா மார்க் உள்ளதா வாங்குங்க, யாரு என்ன சத்தியம் பண்ணாலும் சரி.

பெரிய டிரம்மே தேவையில்லங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், குறைஞ்சது 3 நாளைக்குன்னு வச்சா 4 பேருக்கு 48 லிட்டர்தான், புது கேன் ரெண்டு மூணுல அடங்கிடும், தூக்கவும் சுலபம். தேதி எழுதி ஒட்டி 6 மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. வெயில் படாத இடமா வைங்க, பெட்ரோல், பூச்சி மருந்து பக்கத்துல மட்டும் வேண்டாம், அதோட ஆவி மூடியிருக்கிற கேன் பிளாஸ்டிக் வழியாவே உள்ள போகும்.